ரைசன் 5600ஆ, ஐ5 12400ஆ? எதை எடுக்க?

கேள்வி: அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைல இருக்கேன், புது பிசி போடணும், பகல்ல கல்யாண வீடியோ எடிட்டிங் ராத்திரி கேம், ஏஎம்டி ரைசன் 5600, இன்டெல் ஐ5 12400னு ரெண்டு பிராசசர் பாத்து வச்சிருக்கேன், ரெண்டுலயும் 6 கோர் 12 த்ரெட்தான் (ஒரே நேரத்துல 12 வேலை ஓட்டும்), எது காசுக்கு தகும்?

பதில் 1: தம்பி, கேம்ல பெருசா வித்தியாசம் தெரியாது, அங்க கிராபிக்ஸ் கார்டுதான் பேசும். எடிட்டிங்னா கண்ண மூடிட்டு 12400 எடு, உள்ளயே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கு, வீடியோவ வேகமா கையாளுற குயிக் சின்க் இருக்கதால பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டைம்லைன் திக்காம ஓடும். 12400எஃப்னு எஃப்ல முடியுறத மட்டும் வாங்கிராதல, அதுல கிராபிக்ஸ் கிடையாது.

பதில் 2: நான் 5600தான் வச்சிருக்கேன், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்க வேகமான மெமரி), டிடிஆர்4 ரேம் போதும், பின்னாடி அதே போர்டுலயே 8 கோர் ரைசன் 5700எக்ஸ் மாட்டிக்கலாம். கேம் மட்டும்னா இதான். நம்மூரு சித்திரை வெயில்ல சூடாகும்னு பயப்படாத, ரெண்டுக்கும் அடிப்படை பவர் 65 வாட்தான்.

கேள்வி கேட்டவர்: சோறு போடுறது எடிட்டிங்தான் அண்ணாச்சி, அப்ப 12400, நாளைக்கு ஜங்ஷன் கடைல வெல கேட்டுட்டு சொல்லுதேன்.