விசைப்பலகை இன்ஸ்டாலரை யாரோ மாற்றிவிட்டார்கள், உதவி தேவை

கேள்வி, பிரிக்பீல்ட்ஸ்:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திறமூலத் தமிழ் விசைப்பலகை மென்பொருளை நடத்துகிறோம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். தைப்பூசத்துக்கு எல்லோரும் பத்துமலையில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் தளத்தில் இருக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் நாங்கள் ஏற்றியதைவிடப் பெரிதாக இருக்கிறது, தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ்ஸில் தெரியாத ஒரு அட்மின் கணக்கும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் போட்டிருக்கும் ஹேஷோடு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்புக் குறி) கோப்பு பொருந்துகிறது, அதுதான் குழப்பம். பழைய பேக்கப்பை ஏற்றினால் போதுமா? ஆசிரியர்களிடம் இப்போதே சொல்வதா, முழுவதும் தெரிந்த பிறகா?

பதில், பட்டர்வொர்த்:
தம்பி, பேக்கப்பை இப்போது ஏற்ற வேண்டாம். ஏற்றினால் அவன் எந்த வழியாக வந்தான் என்ற தடயமெல்லாம் அழிந்துவிடும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். முதலில் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள், சர்வர் டிஸ்க்கை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுங்கள், யார் எப்போது தளத்துக்கு வந்தார்கள் என்று பதியும் அக்சஸ் லாக்கை வேறு கணினிக்கு நகலெடுங்கள்.

கோப்பும் ஹேஷும் ஒரே சர்வரில் இருந்தால், கோப்பை மாற்றியவனுக்கு ஹேஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் பில்டு செய்த கணினியில் இருக்கும் கோப்போடு ஒப்பிடுங்கள்.

ஆசிரியர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்தில் வேர்ட்பிரஸ் வழியாகப் புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் குழு காத்திருக்கவில்லை, எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியவர்களுக்கு ஆபத்து என்று உடனே அறிவித்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதில், ஜார்ஜ்டவுன்:
அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று, மூல நிரலையும் பாருங்கள். 2021 மார்ச்சில் பிஎச்பி நிரல்மொழியின் மூல நிரலை வைத்திருக்கும் கிட் சர்வரில் இரண்டு கெட்ட கமிட்கள் (நிரல் மாற்றங்கள்) நுழைந்தன, இரண்டிலும் இருந்தது அந்தத் திட்டத்தின் முக்கியமானவர்களின் பெயர். அதனால் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், உங்கள் ஐந்து பேர் மடிக்கணினியில் இருக்கும் நகல்களோடு கமிட் ஹேஷை ஒப்பிடுங்கள், பழைய நிரலில் கை வைத்திருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். மலேசியாவின் இணையப் பாதுகாப்புப் புகார் மையமான சைபர்999க்கும் அந்த இன்ஸ்டாலரோடு புகார் கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி நண்பரே. கிட் சுத்தமாக இருக்கிறது. லாக்கில் பார்த்ததில் வேர்ட்பிரஸ்ஸில் படிவங்களுக்காகச் சேர்த்திருந்த ஒரு பழைய ப்ளகின் வழியாக அப்லோட்ஸ் கோப்புறைக்குள் ஒரு பிஎச்பி கோப்பை வைத்திருக்கிறான். அந்த ப்ளகினை நாங்கள் புதுப்பிக்கவே இல்லை. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன், ஒரு டீச்சர் பள்ளிக் கணினிகளில் நேற்றே நிறுவியிருக்கிறார். நீக்கினால் போதுமா என்று கேட்கிறார்.

பதில், பட்டர்வொர்த்:
போதாது. இது விசைப்பலகை, தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அது வழியாகத்தான் போகிறது, கடவுச்சொல்லும் சேர்த்து. அந்தக் கணினிகளை இணையத்திலிருந்து துண்டித்து விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து அவற்றில் தட்டிய மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறு கணினியில் இருந்து மாற்றட்டும்.

உங்கள் சர்வரையும் புதிதாக நிறுவுங்கள், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி, டேட்டாபேஸ் கடவுச்சொல் எல்லாம் மாற்றுங்கள். அடுத்த வெளியீட்டிலிருந்து கோப்பு உங்களுடையதுதான் என்று காட்டும் ஜிபிஜி கையொப்பம் போடுங்கள், அதைப் போடும் ரகசியச் சாவி சர்வர் பக்கமே வரக்கூடாது.

கேட்டவர்:
டீச்சரிடம் பேசிவிட்டேன். ஏழு கணினிகள். நாளை காலை நாங்கள் இரண்டு பேர் பள்ளிக்கே போகிறோம்.