கங்காரு பராமரிப்பு: மாரணைப்பா, மேனியணைப்பா?

நண்பர்களே, வணக்கம்.

குறைமாதப் பிள்ளையை வெறும் மார்பில், உடம்போடு உடம்பு பட வைத்துக் கதகதப்பாக்கும் முறைதான் கங்காரு பராமரிப்பு. அதற்குத் தமிழில் போன வாரம் 'மாரணைப்பு' என்ற சொல்லை முன்வைத்தவன் நான்தான். இப்போது நானே அதைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே செவிலியரான சகோதரி ஒருவர் பதிலாக எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் காரணம்.

> வார்டு இரைச்சலில் போனில் பேசும்போது "பிள்ளைக்கு மாரணைப்பு" என்றால், வீட்டில் இருப்பவர்கள் காதில் மாரடைப்பு என்றுதான் விழும். பாட்டி பதறிப் போய்விடுவார்.

ஓர் எழுத்துதான் வித்தியாசம், எனக்கு எப்படித் தோன்றாமல் போனது! மார்பணைப்பு, நெஞ்சணைப்பு என்று மாற்றினாலும் மார்படைப்பு, நெஞ்சடைப்பு பக்கத்திலேயே நிற்கின்றன. ஆக, மார்பை வைத்துச் சொல் கட்டுவதை விட்டுவிடலாம். இன்னொருவர் கேட்டிருந்தது இது:

> கங்காரு எல்லோருக்கும் தெரிந்த விலங்குதானே, அப்படியே இருக்கட்டுமே.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் தங்கைக்கு 32 வாரத்தில் பிள்ளை பிறந்தது, எடை 1,400 கிராம். "கங்காரு கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் சட்டை போட்டு, துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உடம்பு தன் உடம்பில் நேராகப் பட வேண்டும் என்பதை அந்தச் சொல் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஷிஃப்டில் வந்தவர் சட்டையைக் கழற்றி, தொப்பியும் டயப்பரும் மட்டும் விட்டு, அவள் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். அப்புறம்தான் சில்லிட்டிருந்த பாதம் கதகதப்பானது.

இந்த முறையில் முக்கியமே அதுதான். குறைமாதப் பிள்ளைக்குத் தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, எடையோடு பார்த்தால் உடல் பரப்பு அதிகம். ஈரம் உலரும்போதும், குளிர்ந்த விரிப்பில் படும்போதும், காற்று வீசும்போதும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா இந்த முறையைத் தொடங்கியபோது அங்கே இன்குபேட்டர் (பிள்ளையைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி) போதவில்லை, நெரிசலில் தொற்று வேறு. இருந்த ஒரே வெப்பம் தாயின் மேனி. இன்று இந்த முறை, இன்குபேட்டர் இல்லாததற்கு மாற்று என்ற நிலையையும் தாண்டிவிட்டது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இப்படி வைத்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம்.

'தாய்' என்பதையும் சொல்லுக்குள் வைக்க வேண்டாம். தாய் அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருந்தால் அப்பாவும் பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். என் தங்கை வீட்டுக்காரர் இரவெல்லாம் வைத்திருந்தார்.

இந்த முறைக்கு 'மார்ச்சூடு' என்ற பெயரும் அழகாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் உடம்புச் சூடு என்றாலே நோய். பிள்ளைக்குச் சூடு என்றால் பெரியவர்கள் தணிக்கத்தான் பார்ப்பார்கள்.

இடையில் ஒன்று. இன்குபேட்டருக்கு 'அடைகாப்பி' செயற்கையாக இருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கூவேஸ்' என்கிறார்கள், அடைகாக்கும் கோழிக்கும் அதே பெயர்தான். 1880 வாக்கில் பாரிசில் மகப்பேறு மருத்துவர் டார்னியே அந்தப் பெட்டியைச் செய்ய வைத்ததே கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான். அடைகாப்பி இருக்கட்டும். பேச்சில் 'பெட்டியில வச்சிருக்காங்க' என்பதும் இருக்கட்டும்.

சரி, என் முன்மொழிவு 'மேனியணைப்பு'. மேனி என்றதும் துணிக்கு மேலே இல்லை என்பது புரிந்துவிடும். அணைப்பில் யாருடையது என்ற கட்டுப்பாடு இல்லை. முழுச் சிகிச்சை முறையைக் குறிக்க 'மேனியணைப்புப் பேணல்' எனலாம்.

வினைச்சொல்தான் பாக்கி. 'மேனியணைப்பு கொடுங்கள்' என்றால் ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவது போலப் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். அதனால் 'மேனியணைப்பில் வையுங்கள்' என்பதையே அம்மாக்களுக்கான துண்டுப்பிரசுரத்தில் போட நினைக்கிறேன். சகோதரி, வார்டில் இரண்டு மூன்று அம்மாக்களிடம் இப்படிச் சொல்லிப் பார்த்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுத முடியுமா?