அதே பாவம், மறுபடியும்: திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் எழுதுங்கள்

தொடங்கியவர், பாளையங்கோட்டை

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவை நினைவுகூர்ந்து மேசையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. பதினான்கு மாதமாக நான் மேசைக்குப் போகவில்லை. முதலில் இருந்த இடத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு பின்வரிசைக்கு மாறினேன். இப்போதெல்லாம் பைக்கை எடுக்கப் போவதுபோல வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியும். கேட்டதில்லை.

காரணம் போன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல். இதற்கு மேல் விவரிக்க வேண்டாம், புரிகிறவர்களுக்குப் புரியும். கல்லூரி முதல் வருஷத்தில் தொடங்கியது, இப்போது வயது 31. ஒவ்வொரு தடவையும் முழங்கால், அழுகை, "ஆண்டவரே, இதுதான் கடைசி". வேதாகமத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வந்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, பால்காரர் கணக்கு மாதிரி. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் முழுவதையும் தாண்டிவிட்டேன். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் போய் வந்த அன்று ராத்திரியே விழுந்தேன்.

ஒரு வாலிபர் முகாமில் எபிரெயர் 10:26 வாசித்தார்கள். "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்" இனி வேறொரு பலி இல்லை என்கிற வசனம். அந்த 'மனப்பூர்வமாய்' என்ற சொல் என்னை விடவே இல்லை. என் கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லையே, நான்தானே போனை எடுக்கிறேன்? அதோடு 1 கொரிந்தியர் 11-இல் 'அபாத்திரமாய்ப்' (தகுதியில்லாமல்) புசிக்கிறவனைப் பற்றிய எச்சரிக்கை வேறு. பயந்து நின்றுவிட்டேன்.

போன மாதம் மரத்தடியில் நின்றபோது ஓய்வு பெற்ற ஐயர் (சபைப் போதகர்) ஒருவர், உறவினர் வீட்டுக்கு வந்தவர், பக்கத்தில் வந்தார். "மேசைக்குப் போகலையா தம்பி?"

"இன்னும் தயாராகலை ஐயா."

"அபாத்திரம்ங்கற வசனத்தைப் படிச்சிருப்ப. அதுக்கு அடுத்ததையும் படி. தன்னைத்தானே சோதித்தறிந்துன்னு இருக்கு. சோதிச்சிட்டு என்ன செய்யச் சொல்லுது? புசிக்கச் சொல்லுதா, பைக் பக்கத்துல நிக்கச் சொல்லுதா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன், 28-ஆம் வசனம் அவர் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனாலும் இது எனக்கு வசதியாக இருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. அறிவுரை வேண்டாம், நிறையக் கேட்டாயிற்று. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

திருச்சி, கத்தோலிக்கர்

எனக்குக் குடி. சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம், செவ்வாய்க்கிழமை டாஸ்மாக். ஒரே ஃபாதரிடம் அதையே சொல்ல வெட்கப்பட்டு, ஒரு வாரம் பொன்மலை, ஒரு வாரம் பாலக்கரை என்று கோவில் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். விடுமுறையில் போனவருக்குப் பதிலாக, நான் தவிர்த்துவந்த அதே ஃபாதர் உட்கார்ந்திருந்தார். குரலை அடையாளம் கண்டிருப்பார். கோபப்படவில்லை. "வேலை முடிஞ்சு எந்த வழியா வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில் வழி கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். சொன்னேன். "அந்தத் தெரு வழியா ஒரு மாசம் போகாதீங்க. அதுதான் பரிகாரம்" என்றார். நான் பத்து 'அருள் நிறை மரியே' செபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

இனிச் செய்ய மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தால் போதும் என்றே நினைத்திருந்தேன். பாவத்துக்கு இட்டுச் செல்லும் சந்தர்ப்பத்தையும் விலக்க வேண்டும் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த மனத்துயர் செபத்திலேயே இருக்கிறது. வாய் சொன்னது, கால் கேட்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழக்கத்தின் பிடி ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலில் (பத்தி 1735) இருப்பதாக நண்பர் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நிம்மதியாகக் குடித்தேன். மருந்துச் சீட்டையே தின்றவன் கதைதான். பிறகு குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய், அங்கே முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்தபோதுதான் ஏதோ அசைந்தது. நிறுத்தி நான்கு வருஷம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினேன், அதையும் போய்ச் சொன்னேன்.

சென்னை, வியாபாரம்

பிரதர், கோபிக்க வேண்டாம். எனக்கு உங்களுக்கு நேர்மாறு. பயமே இல்லை. டிசம்பர் 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் கண்ணீரோடு சாட்சி சொல்வேன், மறுநாள் கடையில் அதே எடை குறைந்த தராசு. "கர்த்தர் மன்னிச்சிட்டார்" என்று எட்டு வருஷம். ரோமர் 6-இல் கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்டு, "கூடாதே" என்று பவுல் சொல்வதை நானே பிரசங்கித்திருக்கிறேன். ஒருநாள் என் பையன் கல்லாவில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்து அதேபோல எடை போட்டான். அன்றுதான் வயிறு கலங்கியது. தராசை மாற்றினேன். வேதாகமத்தில் வரும் ஆயக்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான், நான் யாருக்கென்று கொடுப்பேன்? வாடிக்கையாளர் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி எனக்கு அப்போது இருந்திருக்கலாம்.

நாகர்கோவில், இல்லத்தரசி

தம்பி, அந்தக் கோடுகளைப் பற்றி வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவரைப் பற்றிக் கெட்ட வார்த்தைகள் தாமாக மனதில் வரும். மத்தேயு 12-இல் மன்னிக்கப்படாத பாவம் என்று வருகிறதே, அதைச் செய்துவிட்டேன் என்று நம்பினேன். ஏழு தடவை மன்னிப்புக் கேட்பேன். நடுவில் குக்கர் விசில் அடித்தால் மறுபடி ஒன்றிலிருந்து. சாதம் குழைந்துபோகும், பிள்ளைகள் பசியோடு நிற்பார்கள். போதகர் ஒருவர் பிசாசு என்றார், மூன்று நாள் உபவாசம் வைத்தார். பட்டினியில் எண்ணங்கள் இன்னும் கூடின.

நர்சாக இருந்த என் சித்திதான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். ஓ.சி.டி., வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும் நோய், அதில் மதம் சார்ந்த வகை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், கூடவே ஒரு பயிற்சி: ஒரு தடவை கேட்டபின் மறுபடி கேட்கக் கூடாது. பதற்றம் வந்தால் வரட்டும், சோறு வடிக்கப் போ. மன்னிப்புக் கேட்காமல் இருப்பதா சிகிச்சை என்று அன்றைக்கு அழுதேன். சீர்திருத்த சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது ஆறு மணி நேரம் வரைகூட பாவ அறிக்கை செய்ததாகப் பின்னால் வாசித்தேன். 'மோட்ச பிரயாணம்' எழுதிய ஜான் பனியனும் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நடுங்கியவர்தான், 1666-இல் தன் கதையை எழுதியபோது அதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னாலும் ஆட்கள் இருந்திருக்கிறார்களே என்று ஒரு ஆறுதல்.

உங்களுடையது என்னுடையது போல வியாதி என்று சொல்ல வரவில்லை, நீங்கள் உண்மையிலேயே செய்கிற காரியம் அது. ஆனால் அந்தக் கணக்குப் பக்கம்? 1 யோவான் 1:9-இல் அறிக்கையிடச் சொல்லியிருக்கிறது. எண்ணிவைக்கச் சொன்ன வசனத்தை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தொடங்கியவர், பாளையங்கோட்டை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருச்சி அண்ணன் சொன்ன 'எந்த வழி' மனதில் நின்றது. போனை இப்போது ஹாலில்தான் சார்ஜ் போடுகிறேன். அம்மா ஏன் என்றார்கள், படுக்கை அறையில் பிளக் சரியில்லை என்று பொய் சொன்னேன். அது வேறு கணக்கு.

கோடுகளை அழிக்க முடியவில்லை, பால்பாயின்ட் பேனா. அந்தப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன்.

இன்று முதல் ஞாயிறு. வியாழக்கிழமை விழுந்திருந்தேன், அம்மா தூங்கியபின் ஹாலுக்குப் போய். அதோடுதான் எழுந்து மேசைக்குப் போனேன். முழங்கால்படியிட இடமில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள்.