ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ்: இருவருக்கு 8 இரவு, திட்டம் சரியா?

கேள்வி: நடைவண்டி

கணவன் மனைவி இருவர், முதல் இத்தாலிப் பயணம். வெள்ளி மாலை ரோமில் இறங்குகிறோம், மறு சனி இரவு ரோமிலிருந்தே விமானம். விமான டிக்கெட் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது. இப்போதைய திட்டம்: ரோம் 3 இரவு (சனி கொலோசியம், ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம்), திங்கள் காலை ஃபிளாரன்ஸ் போய் அன்றே உஃபிசி ஓவியக்கூடம், அங்கே 3 இரவு, பிறகு வெனிஸ் 2 இரவு. சனி காலை வெனிஸிலிருந்து ரயிலில் ரோம் திரும்பி அன்றிரவே விமானம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எதை முன்பதிவு செய்ய வேண்டும், எதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்?

பதில்: தண்டவாளம்

முன்பதிவுக்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று இலவசம் என்பதால் வரிசை மதிலைச் சுற்றி நிற்கும். உஃபிசி, டேவிட் சிலை இருக்கும் அகாதெமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஆக உங்கள் திட்டத்தில் இரண்டு நாள் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்கும்.

கொலோசியம் டிக்கெட் வழக்கமாக 30 நாள் முன்னதாகத்தான் விற்பனைக்கு வரும், நேரம் குறித்த டிக்கெட். பெயரும் பதிவாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். இனிஷியலை உங்கள் வசதிக்கு விரிக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். இருவர் டிக்கெட்டையும் ஒரே பெயரில் போட்டுவிட்டு வாசலில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பாலத்தீன் குன்றும் சேரும், ஆனால் அந்த வளாகத்துக்குள் ஒரு முறைதான் விடுவார்கள். தண்ணீர் வாங்க வெளியே வந்தால் அவ்வளவுதான். உள்ளே பழைய ரோமானியச் சாலைக் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். முழங்கால் வலிக்குப் படியை விட அதுதான் தொல்லை.

பதில்: திசைகாட்டி

கிழமையை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையே திருப்புங்கள். விமானம் ஏறும் நாளில் வெனிஸ் - ரோம் அதிவேக ரயில் ஏறக்குறைய 4 மணி நேரம், பிறகு விமான நிலையம். நடுவில் ஒரு வேலைநிறுத்தம் வந்தால் விமானம் போச்சு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல. முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 - 9, மாலை 6 - 9 மணிக்கு உத்தரவாதமாக ஓடுவது உள்ளூர் ரயில்கள். அதை நம்பி நீண்ட தூரம் போக முடியாது.

இப்படிப் போடுங்கள்: வெள்ளி இரவு ரோமில் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கல். சனி காலை நேரே வெனிஸ், 2 இரவு. திங்கள் ஃபிளாரன்ஸ், 3 இரவு. வியாழன் ரோம், 2 இரவு. இரவுக் கணக்கு அதேதான். திங்கள் விடுமுறை பயணத்திலேயே கழிந்துவிடும், உஃபிசி செவ்வாய், அகாதெமியா புதன். வாடிகன் வெள்ளியன்று விழுகிறது, ஞாயிறு தொல்லையும் இல்லை. புதன் காலை போப்பின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடந்தால் வாடிகனில் உள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம்வரை போக முடியாது, அதுவும் தப்பியது. பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் இதே விதி.

இதற்கு விலை: வெனிஸ் சனி ஞாயிறில் விழுகிறது, நெரிசல் இருக்கும். பகல் பயணிகள் மாலையில் வடிந்துவிடுவார்கள், தங்குபவர்களுக்கு ஊர் கிடைப்பது அதற்குப் பிறகுதான். குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, 2024இல் தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு. ஆனால் அந்த விலக்கையும் இணையத்தில் பதிந்து க்யூஆர் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நடைவண்டி

நன்றி, திருப்பிவிடுகிறோம். ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடம் ஏறலாமா? வெனிஸில் பெட்டியோடு சமாளிக்க முடியுமா?

பதில்: தண்டவாளம்

குவிமாடம் வேண்டாம். 463 படி, லிஃப்ட் கிடையாது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி குவிமாடத்தை உள் ஓடு, வெளி ஓடு என்று இரண்டாகக் கட்டினார். படி அந்த இரண்டுக்கும் நடுவில் போகிறது. மேலே போகப் போகச் சுவர் சாய்ந்து தோளை உரசும், உட்கார இடமில்லை, நடுவில் மனம் மாறினால் திரும்புவதும் லேசல்ல. பக்கத்து மணிக்கூண்டு மாற்று என்பார்கள். அதுவும் 414 படி, லிஃப்ட் இல்லை. ஊர் முழுவதும் தெரிய வேண்டுமானால் ஆற்றுக்கு அக்கரையில் பியாஸ்ஸாலே மிக்கேலாஞ்சலோவுக்கு நகரப் பேருந்திலேயே போய்விடலாம். குவிமாடத்தோடு சேர்த்துப் பார்க்க அதுதான் சரியான இடமும்கூட.

வெனிஸில் இறங்க வேண்டியது சாந்தா லூச்சியா ரயில் நிலையம். அதற்கு முந்தைய மெஸ்த்ரே பெருநிலத்தில் இருக்கிறது. பலகையில் வெனிஸ் என்ற பெயரைக் கண்டதும் அவசரப்பட்டு இறங்குகிறவர்கள் நிறைய. ஊருக்குள் 400க்கு மேல் பாலங்கள், பெரும்பாலும் படி. சக்கரப் பெட்டியைப் படிக்குப் படி தூக்க வேண்டும். அறை பதிவதற்கு முன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: வபோரெத்தோ (பேருந்து போல ஓடும் பயணிகள் படகு) படகுத்துறையிலிருந்து விடுதிவரை எத்தனை பாலம்? பூஜ்யம் என்றால் எடுங்கள். நட்சத்திரக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. 1ஆம் எண் படகு பெருங்கால்வாயில் ஒவ்வொரு துறையிலும் நிற்கும், 2ஆம் எண் சில துறைகளில் மட்டும். ஒற்றை டிக்கெட் 75 நிமிடம் செல்லும். நாள் டிக்கெட் எடுத்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையில் உள்ள கருவியில் காட்ட வேண்டும்.

பதில்: திசைகாட்டி

விட்டுப்போன ஒன்று. அதிவேக ரயில் டிக்கெட்டில் ரயிலும் இருக்கையும் குறித்திருக்கும், நேர முத்திரை வேண்டாம். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடைக் கருவியில் செருகி நேரம் அடித்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம். கைபேசி டிக்கெட்டானால் அதே வேலையை ஏறும் முன் செக்-இன் பொத்தானில் செய்ய வேண்டும். இருவருக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் இரண்டும் செக்-இன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.