என்கோடிங்: குறியாக்கமா, குறுக்கமா, தொகையா?

மஞ்சக்குப்பம், கடலூர் – செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம்: 'என்கோடிங்'குக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை செராக்ஸ் கடைக்குப் போக வேண்டிய செய்முறைத் தாள் கையில் இருக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு. பாதிப் பேர் பத்தாவது வரை தமிழ்வழி.

மேசைமேல் மூன்று சின்னக் கணினிகள்: ராஸ்பெரி பை 4, பை 5, இன்டெல் என்100 போட்ட மினி பிசி ஒன்று. ஒரே வகுப்புப் பதிவை மூன்றிலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கொண்டு என்கோட் செய்ய வேண்டும், அதாவது வீடியோவைக் குறித்த வடிவக் கோப்பாக மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, கோப்பு எவ்வளவு பெரிது, படம் எப்படி வந்தது என்று குறிக்க வேண்டும். புதுசுதான் ஜெயிக்கும் என்று பிள்ளைகள் பை 5-இல் பந்தயம் கட்டுவார்கள். 2019-இல் வந்த பை 4-இல் எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் என்கோட் செய்வதற்கென்றே சில்லுக்குள் தனிச் சுற்று உண்டு. 2023-இல் வந்த பை 5-இல் அதை எடுத்துவிட்டார்கள், வேலை முழுக்க சிபியு என்ற மையச் செயலியின் தலையில். சிபியு நல்ல வேகம் என்பதால் சமாளிக்கிறது, ஆனால் விசிறி கத்துகிறது. என்100-இல் குவிக் சிங்க் என்ற இன்டெலின் தனிச் சுற்று இருப்பதால் அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடுகிறது. பாடம் சுவையானது. சொல்தான் இல்லை.

தாளில் 'என்கோடிங்' இருபது இடத்துக்கு மேல் வருகிறது. போன வருடம் 'குறியாக்கம்' என்று எழுதினேன். ஒரு பையன் கை தூக்கி, "சார், பாஸ்வேர்டு எங்க போடணும்?" என்றான். அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு பாடத்தில் என்க்ரிப்ஷனுக்கும், அதாவது தகவலைப் பூட்டி மறைப்பதற்கும், இதே சொல்லைப் படித்திருக்கிறான். என்ன செய்யலாம்?

லாசுப்பேட்டை, புதுச்சேரி

ஒன்றும் செய்ய வேண்டாம் சார். குறியாக்கம் சரி. என்க்ரிப்ஷனுக்கு மறையாக்கம் இருக்கிறது, அதைப் போடாதவர்கள் தப்புக்கு நாம் ஏன் சொல்லை மாற்ற வேண்டும்? திஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடு) காலத்தில் சிலர் குறியேற்றம் என்றும் எழுதினோம். அதுவும் ஓடும். தயவுசெய்து வீடியோவுக்குக் காணொளியா, நிகழ்படமா, விழியமா என்று யாரும் இந்த இழையில் ஆரம்பிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தாண்டாது.

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள தம்பிக்கு. பள்ளியை விட்டு வந்தாலும் தமிழாசிரியன் வாய் சும்மா இருக்குமா?

குறியாக்கம் என்றால் குறியை ஆக்குவது. எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்று தொல்காப்பியர் சொன்ன பிறகு, குறியாத சொல் எது, ஆகாத குறி எது? இந்தப் பெயர் எதற்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பொருந்தாது.

பேத்தியிடம் கேட்டேன், என்கோடிங்கில் என்னதான் நடக்கிறது என்று. முதலில் ஒரு ஃபிரேமை முழுசாக வைக்குமாம். அடுத்தடுத்ததில் மாறியதை மட்டும் எழுதுமாம். கரும்பலகை அசையாது, வாத்தியார் கைதானே அசைகிறது, அந்தக் கையை மட்டும் எழுதினால் போதும் என்றாள். பார்க்கிறவன் கணினி மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளுமாம். அடடா, இது நம் தொகை! பொற்குடம் என்கிறோம். பொன்னால் ஆகிய குடம் என்று விரித்துக்கொள்வது கேட்பவன். உருபும் பயனும் உடன் தொக்கு நிற்கின்றன. ஆகவே என்கோடிங் தொகை, அதைத் திரும்பப் படமாக்கும் டிகோடிங் விரி. செய்யுள் விகாரம் ஆறில் தொகுத்தலும் விரித்தலும் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயா, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வினைத்தொகை இன்னும் பொருந்தும். ஊறுகாயில் காலம் போய்விட்டது. ஊறிய காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா என்று எப்படி விரித்தாலும் மூலத்தில் எது இருந்தது என்று சொல்ல முடியாது. எச்.264 இழப்போடு சுருக்கும்போது நடப்பதும் இதுவே.

ஆனால் நான் வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். எனக்குத் தொகுப்பு என்றால் எடிட்டிங். 'படத்தைத் தொகுத்துவிட்டுத் தொகுத்து அனுப்பு' என்று என் பையனிடம் சொன்னால் ஓடியே போவான். நிரலாளர்களுக்குத் தொகுப்பி என்றால் கம்பைலர் வேறு. ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டில் மூன்றாவது குடும்பம் எப்படி?

கிளைக்கதை ஒன்று, மன்னிக்கவும். 1955-இல் ஐபிஎம்மின் பிரான்சுக் கிளை தன் புது எந்திரத்துக்குப் பெயர் கேட்டு ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியருக்கு எழுதியது. அவர் பழைய அகராதியிலிருந்து 'ஒர்தினாத்தர்' என்ற சொல்லை எடுத்துத் தந்தார். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறித்த சொல்! இன்று எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற சின்னப் பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது. கடவுளே கணினிக்கு இடம் விட்டார். தொகுப்பாளர் விட மாட்டார்.

கடலூர் முதுநகர்

நான் குறுக்கம் கட்சி. பிள்ளைகளே 'வீடியோவைக் குறுக்குறது'ன்னு சொல்றாங்க. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் படிக்காத பிள்ளை உண்டா? எழுத்து அதேதான், மாத்திரை மட்டும் குறையும். காணொளிக்குறுக்கம். முடிந்தது.

இல்லை, இழப்பை அழுத்திச் சொல்லணும்னா எங்க துறைமுகத்துச் சொல் இருக்கு: கருவாடாக்கம். மீன்ல இருக்கிற தண்ணியை எடுத்தா எடை குறையும், ஊர் ஊராப் போகும், குழம்புல ருசியாத்தான் இருக்கும். ஆனா திரும்ப மீனாகாது. (பாதி விளையாட்டு. பாதிதான்.)

லாசுப்பேட்டை

குறுக்கத்தில் குறைவது மாத்திரை, அதாவது நேரம். நாற்பது நிமிடப் பாடம் என்கோட் செய்த பிறகும் நாற்பது நிமிடம்தான் ஓட வேண்டும். குறைவது கோப்பின் அளவு. இலக்கணத்தை உவமைக்கு இழுத்தால் கடைசிவரை இழுக்கணும் அண்ணே. இன்னொன்று, சுருக்காமலும் என்கோட் செய்யலாம். கருவாடு நன்று, ஆனால் பாதிப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள்.

நெல்லிக்குப்பம்

இவ்வளவு ஏன் அலைகிறீர்கள்? கோடு என்பதே தமிழ். 'கோட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'கோடெக்ஸ்', அதற்கும் முன் 'காடெக்ஸ்'. பொருள் அடிமரம். நம் சங்கத் தமிழில் கோடு என்றால் மரக்கிளை. கோட்டுப்பூ என்று பிரித்து வைத்தவர்கள் நாம். அடிமரம் அங்கே, கிளை இங்கே, வேர் எங்கே என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஆகவே கோடாக்கம், கோடுவிரிப்பு. தூய தமிழும் ஆயிற்று, ஆங்கிலம் படித்தவனுக்கும் புரியும்.

திருப்பாதிரிப்புலியூர்

நெல்லிக்குப்பத்தாருக்கு: ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. கோடு யானைக் கொம்பு, மலையுச்சி, குளக்கரை, வளைவு, சங்கு. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். கோடுதல் நடுநிலை தவறுதலும்கூட. உம் கோடாக்கத்தைக் கேட்டால் நீதிபதி லஞ்சம் வாங்கினாற்போல் இருக்கிறது.

மஞ்சக்குப்பம்

வியாழன் மாலை. மூன்று பெட்டியிலும் இன்று ஓட்டிப் பார்த்தேன், அதனால்தான் தாமதம். பிட்ரேட்டை (ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் என்பதை) மூன்றிலும் ஒரே அளவாகக் கட்டினேன். சிபியுவில் ஓடும் எக்ஸ்264 என்ற எச்.264 மென்பொருளுக்கு அவசரம், நிதானம் என்று பல நிலை உண்டு, தனிச் சுற்றுகளுக்கு அவ்வளவு சாவகாசம் இல்லை. பிட்ரேட்டை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஒப்பிட்டால் பிள்ளைகள் தப்பான முடிவுக்கு வருவார்கள்.

வேண்டுமென்றே பிட்ரேட்டை மிகவும் இறக்கியும் பார்த்தேன். பை 4-இன் தனிச் சுற்றில் வந்த படத்தில், சாக்பீஸ் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி ஒரு நடுக்கம். உற்றுப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளிகளைக் காணோம். 'மின்சுற்று' என்று நான் எழுதியது 'மினசுறறு' என்று நிற்கிறது. அதே பிட்ரேட்டில் பை 5 நிதானமாகச் செய்ததில் புள்ளி மங்கலாகவாவது இருக்கிறது. நேரம்தான், படம் ஓடும் நேரத்தைவிடக் கூடுதலாகப் பிடித்தது.

திருப்பாதிரிப்புலியூர்

தம்பி, நீர் கண்டது ஓலைச்சுவடி! எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலே எழுதினார்கள். படிக்கிறவன் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்வான். ஏடு எழுதியவன் தொகுத்தான், பதிப்பித்தவர்கள் விரித்தார்கள். தவறாக விரித்த இடங்களுக்குத்தான் இன்றும் பாடபேதம் என்று சண்டை. நான் சொன்ன தொகைக்கு உம்முடைய பை 4-ஏ சாட்சி சொல்லிவிட்டது.

முத்தியால்பேட்டை

வாக்கெடுப்பு வைத்துவிடலாமா? எனக்குக் காலையில் ஒரு கல்யாண ஆல்பம் இருக்கிறது. என்கோடுக்குக் குறியாக்கம். டிகோடுக்குக் குறிநீக்கம் என்றால் எதையோ அழித்த மாதிரி இருக்கிறது, புலவர் ஐயாவுக்காகக் குறிவிரிப்பு. சரி என்பவர்கள் சொல்லுங்கள்.

லாசுப்பேட்டை

சரி.

கடலூர் முதுநகர்

சரி, வேற வழி?

நெல்லிக்குப்பம்

எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். கோடு தமிழே.

மஞ்சக்குப்பம்

வெள்ளி மாலை. தாள் காலையிலேயே போய்விட்டது. குறியாக்கம், குறிவிரிப்பு, தனிச் சுற்றுக்குக் 'குறியாக்கச் சுற்று'. தாளின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'இதில் பாஸ்வேர்டு ஏதும் இல்லை.' ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டிரான்ஸ்கோடிங்குக்கு மறுகுறியாக்கம் என்று முதலில் அடித்தேன். டிடிபி அக்கா அதை மறைகுறியாக்கம் என்று திருத்தித் தந்தார். திரும்ப எடுத்துவிட்டு டிரான்ஸ்கோடிங் என்றே விட்டேன். ஒரு கட்டளை வரியின் பக்கத்தில் 'என்கோடு' என்றும் விட்டுப்போயிருக்கிறது. முதல் பேட்ச் பையன் ஒருவன் ரெக்கார்டு நோட்டில் அதை 'என் கோடு' என்று பிரித்து எழுதி, கீழே ஸ்கேலால் ஒரு கோடும் போட்டிருக்கிறான்.

திருப்பாதிரிப்புலியூர்

டிரான்ஸ்கோடிங்குக்கு 'பெயர்தொகை' பாருங்கள். ஒன்றிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் தொகுப்பது. இன்றே முடிவு செய்ய வேண்டாம். என் வாக்கு தொகைக்கே.