12 மணி நேர வேலை மசோதா: அமைச்சர் சொன்னது சட்டத்தில் இருக்கிறதா?

ஒரகடத்தான் (22.4.2023, காலை 8.05)

நேற்று தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிட்டு, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்க்கும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விசிக, மதிமுக என்று கூட்டணிக்காரர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். அப்படியும் நிற்கவில்லை.

இந்த வாரம் எனக்கு சி ஷிப்ட், ராத்திரி வேலை. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கம்பெனி பஸ்ஸில் வழக்கமாக எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவோம், இன்று ஒருத்தரும் தூங்கவில்லை. என் கணக்கைச் சொல்கிறேன். ஏ ஷிப்ட் வாரத்தில் காலை 4.40க்கு வந்தவாசி ரோட்டில் பஸ் ஏறுவேன், 6 மணிக்கு லைனில் நிற்பேன். 2 மணிக்கு விட்டால் 3.20க்கு வீடு. இதோடு நாலு மணி நேரம் சேர்ந்தால் வீடு வர இரவு 7.20 ஆகும். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மறுபடி 4 மணிக்கு அலாரம். பிள்ளையை எப்போது பார்ப்பது?

இன்னும் ஒன்பது நாளில் மே தினம். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். சரியாக நூறாவது வருடத்தில் இந்தப் பரிசு.

கட்டிங் டேபிள் (22.4.2023, காலை 9.30)

அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் 12 மணி நேரம் என்பதை ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள். நான் திருப்பூர். எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பையன்கூடச் சொல்வான். காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் ராத்திரி எட்டரை. நான் கைமடியாக (தைப்பவருக்கு எடுபிடியாக) சேர்ந்த காலத்திலிருந்து இதுதான். இப்போது இருபது மிஷின் வைத்து, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். சரக்கு ஏற்றவேண்டிய வாரத்தில் "எட்டு மணி நேரம் ஆச்சு, கிளம்புறோம்" என்று ஆட்கள் போனால் அந்த ஆர்டர் அடுத்த முறை எனக்கு வராது.

சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று என்று இருப்பதால்தான் ரெண்டு ரிஜிஸ்டர் எழுதுகிற பிழைப்பு வந்தது. நடப்பதைச் சட்டமாக்கினால் எல்லாருக்கும் நிம்மதி. அதுவும் வாரம் 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு, அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கம் கொடுத்துவிட்டார்களே. அப்புறம் என்ன?

பாரிமுனை வக்கீல் (22.4.2023, காலை 11.15)

அமைச்சர்கள் விளக்கம் கொடுத்தார்கள், சரி. அந்த விளக்கம் மசோதாவில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நாலு நாள் என்ற சொல் இல்லை, மூன்று நாள் விடுப்பு இல்லை, தொழிலாளியின் விருப்பம் என்ற சொல்லும் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும், அறிவிக்கை ஒன்றின் மூலம் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும், அல்லது எல்லாவற்றிலிருந்தும், அரசு விலக்கு அளிக்கலாம். நிபந்தனைகளை அந்த அறிவிக்கையில் குறிப்பிடலாம்.

51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம். 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு 9 மணி நேர உச்சவரம்பு. 55 ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை. 56 இடைவேளையும் சேர்த்து பத்தரை மணி நேரத்துக்குள் ஆளை வெளியே விடவேண்டும் என்பது. 59 மிகை நேரத்துக்கு (ஓவர்டைம்) இரட்டைச் சம்பளம். "48 மணி நேரம் மாறாது" என்று வாயால் சொல்லிக்கொண்டே, அந்த 48ஐச் சொல்லும் பிரிவையே விலக்குப் பட்டியலின் முதல் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிக்கவில்லை. 12 மணி நேரம் வேலை வாங்க இந்த 1948ஆம் வருடச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 65ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். வேலை அளவுக்கு மீறி வரும்போது விலக்குக் கேட்கலாம். ஆனால் அங்கே நாலு பக்கமும் வேலி உண்டு: நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை சேர்த்து 13க்கு மேல் கூடாது, மிகை நேரம் உட்பட வாரம் 60ஐத் தாண்டக்கூடாது, மூன்று மாதத்துக்கு மிகை நேரம் 75 மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். முக்கியமாக, அந்த 65இல் இடைவேளையிலும் இரட்டைச் சம்பளத்திலும் கை வைக்கவே இல்லை. திருப்பூர் நண்பர் கேட்கும் "சரக்கு ஏற்றும் வாரம்" அதிலேயே அடங்கும். அப்படியிருக்க 65ஏ எதற்கு? வேலி இல்லாத வழி வேண்டும் என்பதற்கு.

ஷிப்ட் கணக்கு (22.4.2023, பகல் 1.40)

மனிதவளத் துறையில் இருக்கிறேன், திட்டுகிறவர்கள் வரிசையில் வாருங்கள்.

முதலில் "மூன்று ஷிப்ட் இரண்டாகும், மூன்றில் ஒருத்தருக்கு வேலை போகும்" என்று காலையிலிருந்து பரவுகிற வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். ஆலை வாரத்தில் ஆறு நாள் 24 மணி நேரமும் ஓடினால் 144 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம். 144ஐ 48ஆல் வகுத்தால் மூன்று. எட்டு மணி நேர ஷிப்ட் என்றாலும் 12 மணி நேர ஷிப்ட் என்றாலும் ஓர் இயந்திரத்துக்கு மூன்று பேர்தான். யாருக்கும் வேலை போகாது.

இரண்டாவது, முதலீடு. பிப்ரவரியில் கர்நாடகம் இதே சட்டத்தைத் திருத்தி 12 மணி நேரத்துக்கு வழிவிட்டது, மூன்று மாத மிகை நேரத்தை 75இலிருந்து 145 மணி நேரமாக்கியது. ஓசூர் எல்லையில் கோடு தாண்டினால் வேறு விதி. மின்னணுக் கம்பெனி ஒன்று இடம் பார்க்க வரும்போது இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஓவர்லாக் (22.4.2023, மாலை 6.20)

கட்டிங் டேபிள் அண்ணனுக்கு. நானும் திருப்பூர்தான், பவர் டேபிளில் (தையல் மிஷினில்) ஒன்பது வருடம். நீங்கள் சொன்ன அதே ஒன்றரை ஷிப்டில் ஒரு நாள் ராத்திரி ஏழே முக்கால் இருக்கும். கழுத்துப்பட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கண் மூடவில்லை, மிஷினைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பார்ப்பது மூளைக்குப் போகவில்லை. ஊசி ஆட்காட்டி விரல் நகத்தில் இறங்கி அடியில் வந்துவிட்டது. சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. வீலைக் கையால் திருப்பித்தான் ஊசியை மேலே எடுத்தார்கள். பக்கத்து மிஷின் அக்கா முதலில் பார்த்தது விரலை இல்லை, துணியை. வெள்ளைத் துணி. கறை பட்டால் பீஸ் போச்சு. அவர் மேல் குற்றமில்லை, எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது.

காலை பத்து மணிக்கு அந்த ஊசி என் விரலுக்கு வந்ததில்லை.

செய்யாறு அக்கா (22.4.2023, இரவு 9.50)

எல்லாரும் எதிர்க்கிறீர்கள், ஒரு பேச்சுக்கு நான் கேட்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறேன். மகள் ஊரில் என் அம்மாவிடம் இருக்கிறாள், ரெண்டாம் வகுப்பு. ஞாயிறு ஒரு நாள் லீவில் போய் வந்தால் பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். அவள் சடை பின்னிவிடச் சொல்லி உட்காரும்போது நான் கிளம்ப நேரமாகிவிடும். வாரம் மூணு நாள் நிஜமாகவே கிடைக்கும் என்றால் நாலு நாள் 12 மணி நேரம் நிற்க நான் தயார். இது முதலாளி பேச்சு இல்லை, என் பேச்சு.

ஒரகடத்தான் (23.4.2023, காலை 8.20)

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி வேலையில் அதே நினைப்புதான். தப்பே இல்லை. ஆனால் நீ எழுதிய அந்த "நிஜமாகவே கிடைக்கும் என்றால்" என்பதில்தான் என் சந்தேகம் எல்லாம் இருக்கிறது. எங்கள் லைனில் இப்போதே லீவு நாளில் சூப்பர்வைசர் போன் வரும், "ஆள் குறையுது, வந்துடு." நிரந்தரத் தொழிலாளி நான் முடியாது என்பேன். கான்ட்ராக்ட் பையன் சொல்வானா? விருப்பம் என்று ஒரு படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாமல் அவன் கேட்டைத் தாண்ட முடியுமா?

ஓவர்லாக் (23.4.2023, காலை 10.05)

சம்பளக் கணக்கை ஒருத்தரும் போடவில்லையே, நான் போடுகிறேன். 59இன்படி இன்று ஒரு நாள் 12 மணி நேரம் வேலை செய்தால் முதல் 9க்கு ஒற்றைச் சம்பளம், மீதி 3க்கு இரட்டை. மொத்தம் 15 மணி நேரக் கூலி. நாலு நாளுக்கு 60. புதுப் பிரிவில் 59ஐ விலக்கிவிட்டால் அதே நாலு நாளுக்கு 48. உழைப்பு அதேதான், கூலியில் 12 மணி நேரம் காணாமல் போகிறது. ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம் என்று எங்கள் ஊரில் இத்தனை வருடம் கொடுத்ததும் சட்டப்படி குறைச்சல்தான் அண்ணா.

ஷிப்ட் கணக்கு (23.4.2023, பகல் 12.30)

கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. இரட்டைச் சம்பளம் கொடுத்து நாலு நாள் 12 மணி நேர முறையை இன்று எந்தக் கம்பெனியும் நடத்துவதில்லை. இல்லாத 60உடன் 48ஐ ஒப்பிடுகிறீர்கள். ஆறு நாளைக்கு 48 மணி நேரக் கூலி வாங்குகிறவர் நாலு நாளில் அதே கூலி வாங்குவார், அவ்வளவுதான்.

ஆனாலும் வாரம் 48ஐத் தாண்டினால் இரட்டை என்பதை மசோதாவிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இந்தச் சண்டையில் பாதி நடந்திருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பாரிமுனை வக்கீல் (23.4.2023, மாலை 4.45)

அந்த ஒரு வரியை எழுதவைக்கத்தான் சட்டமன்றம். மசோதாவை வரிவரியாக ஆராயும் உறுப்பினர்கள் குழுவான தெரிவுக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டது வேறெதற்கு? 1986இல் மேலவையைக் கலைத்தபிறகு இங்கே இரண்டாம் பார்வை என்று ஒன்று கிடையாது. கேரளத்தில் மசோதா அறிமுகமானதும் துறைவாரிக் குழுவுக்குப் போவது வழக்கம். நாம் கூட்டத்தொடரின் கடைசி நாளில், மானியக் கோரிக்கை முடிந்த அலுப்பில், "ஆம் என்போர்" கேட்டு முடித்துவிடுகிறோம்.

குஜராத் கதை நினைவிருக்கட்டும். 2020 கொரோனா காலத்தில் 12 மணி நேரம் வேலை, மிகை நேரத்துக்கும் சாதாரணக் கூலி என்று அறிவிக்கை போட்டார்கள். அந்த அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர்கள் சட்டத்திலிருந்த அவசரகால விதியை வளைத்து மாட்டிக்கொண்டார்கள், இவர்கள் சட்டத்தையே மாற்றுகிறார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

கட்டிங் டேபிள் (23.4.2023, மாலை 5.30)

வக்கீல் சார், 2017 ஜனவரி 23 சல்லிக்கட்டுச் சட்டத்தை அதே பேரவை ஒரே நாளில் கொண்டுவந்து ஒரே நாளில் முடித்தது. அன்றைக்கு நீங்கள் தெரிவுக்குழு கேட்டீர்களா? 2021இல் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்கார நாற்காலி என்று சட்டம் வந்தபோதும் எல்லாரும் கைதட்டினோம். பிடித்த சட்டம் என்றால் வேகம் நல்லது, பிடிக்காத சட்டம் என்றால் வேகம் கெட்டதா?

பாரிமுனை வக்கீல் (23.4.2023, மாலை 6.10)

நியாயமான அடி. அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஒரே சமாதானம், மெரினாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த கூட்டமே அதற்குத் தெரிவுக்குழுவாக இருந்தது. இந்த மசோதாவில் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசும் தேதி மசோதா நிறைவேறி மூன்று நாள் கழித்து, நாளைக்கு. கல்யாணம் முடிந்தபிறகு பெண் பார்க்க வருகிறார்கள். ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொமுசவே இதை ஏற்கவில்லை.

ஷிப்ட் கணக்கு (23.4.2023, இரவு 8.00)

இன்னும் ஆளுநர் கையெழுத்து இருக்கிறது. இது மத்தியச் சட்டம், தொழிலாளர் நலன் பொதுப் பட்டியல், அதனால் குடியரசுத் தலைவரிடமும் போகவேண்டிவரலாம். ஆன்லைன் ரம்மி மசோதா திரும்பி வந்து, மறுபடி நிறைவேறி, இந்த மாதம்தான் கையெழுத்தானது. அவசரப்படாதீர்கள்.

ஒரகடத்தான் (23.4.2023, இரவு 8.15)

ஆளுநர் தாமதிப்பார் என்று தொழிலாளி நம்பிக்கொண்டிருக்கும் நிலைமையை எங்கே போய்ச் சொல்வது.

பாரிமுனை வக்கீல் (24.4.2023, இரவு 8.40)

கோட்டையில் சங்கங்களுடன் பேச்சு முடிந்தது. மசோதா மீதான மேல்நடவடிக்கையை நிறுத்திவைப்பதாக முதல்வர் அறிவித்துவிட்டார். கவனியுங்கள், நிறுத்திவைப்புத்தான், திரும்பப் பெறவில்லை.

செய்யாறு அக்கா (24.4.2023, இரவு 9.15)

சரி. அப்போ மூணு நாள் லீவைப் பற்றி இனி யாரும் பேசமாட்டீர்கள், இல்லையா?

கட்டிங் டேபிள் (24.4.2023, இரவு 9.40)

இப்போதுதான் கம்பெனி பூட்டிவிட்டு வருகிறேன். வழக்கம்போல எட்டரை.

ஓவர்லாக் (24.4.2023, இரவு 9.45)

எத்தனை மணி நேரக் கூலி அண்ணா, 12ஆ 15ஆ?

கட்டிங் டேபிள் (24.4.2023, இரவு 10.20)

12தான் தம்பி. பீஸுக்கு எனக்கு வருகிற ரேட்டைப் பார்த்தால் நீயே கேட்கமாட்டாய். நாளைக்குக் கடைக்கு வா, பில்லைக் காட்டுகிறேன்.