சீன மைச்சுருள் ஓவியம்: இதில அப்பிடி என்ன இருக்கு?

உவர்மலையான்:
வணக்கம், நான் திருகோணமலை, வாட்டர்கலர் கீறுற ஆள். சீன ஓவியர் ஹுவாங் கொங்வாங் 1350ல மையால கீறி முடிச்ச ஃபூசுன் மலைச் சுருள் ஓவியத்தை எல்லாரும் ஆகா ஓகோ எண்டுறாங்கள், போன்ல பாத்தா சாம்பல் கலர்ல மெல்லிய கீத்துதான் தெரியுது, வெயில் நிழல் ஒண்டுமில்லை. ஏன் கேக்கிறனெண்டா உவர்மலையில இருந்து தெரியுற துறைமுகத்தை நீட்டுப் பேப்பரில கீறப்பாக்கிறன், ரெண்டு அந்தமும் இழுபட்டுப்போகுது.

நிலாவெளி அக்கா:
தம்பி, அது முழுசா விரிச்சு ஒரேயடியாப் பாக்கிற சாமான் இல்லை. மேசையில வச்சு இடக்கையால கொஞ்சம் விரிக்கிறது, வலக்கையால பாத்து முடிஞ்சதைச் சுருட்டுறது, மூதூருக்குப் போட்ல போகேக்க கரை மாறிமாறி வருமே, அப்பிடித்தான். கண்ணும் சேந்து நகருறதால, தூரத்தைக் காட்டக் கோடெல்லாம் ஒரு புள்ளியில போய் முட்டவேண்டிய தேவையில்லை. நீங்கள் ஒரே இடத்தில நிண்டு கீறுறியள், அதுதான் இழுபடுது. 11ம் நூற்றாண்டில குவோ ஷி எண்ட சீன ஓவியர் மூண்டு பார்வை சொன்னவர்: அடியில நிண்டு உச்சியைப் பாக்கிறது, முன்மலையில இருந்து பின்மலைக்குள்ள பாக்கிறது, கிட்டமலையில இருந்து தூரமலையை மட்டமாப் பாக்கிறது. மூண்டும் ஒரே சுருளுக்குள்ள வரலாம்.
இப்ப ஒரு சரிவை மட்டும் ஸும் பண்ணிப் பாருங்கோ. நீட்டு நீட்டா, தளர்வா, காய்ஞ்ச பிரஷ் கோடுகள், சணல்நார்க் கோடு எண்டுறது இதைத்தான். சில இடத்தில மை முடியுற வரைக்கும் இழுத்திருப்பார். மேல ஈரப்பொட்டு வச்சா மரம். தண்ணிக்கு அனேகமா ஒண்டுமே கீறேல்லை, வெறும் பேப்பர்தான்!

பழசுதேடி:
இதின்ர கதையும் பெரிய கதை. 1650ல சொந்தக்காரர் சாகக்கிடக்கேக்க தன்னோட சேத்து எரிக்கச் சொல்லி நெருப்பில போடவிச்சவர், பெறாமகன் பாஞ்சு இழுத்தெடுத்தும் ரெண்டாப் போட்டுது. அரை மீட்டர்த் துண்டு சீனாவில ஹாங்சோவில, ஆறு மீட்டருக்கு மேல உள்ளது தைவானில தாய்பேயில, 2011ல தாய்பேயில ரெண்டையும் ஒண்டா வச்சுக் காட்டினவங்கள். சியன்லாங் பேரரசர் போலி ஒண்டை அசலெண்டு நம்பி அதின்ர வெத்திடம் முழுக்க எழுதித் தள்ளினார், உண்மையான அசல் வந்தப்போ அதைப் போலியெண்டு ஒதுக்கிப்போட்டார். நல்லகாலம், அதால அசல் அவற்ர எழுத்துக்குத் தப்பீட்டுது 😄
துறைமுக நீலந்தான் வேணுமெண்டா 1113ல வாங் ஷிமெங் எண்ட சீன ஓவியர் 18 வயசில கீறின சுருளைப் பாருங்கோ, கிட்டத்தட்ட 12 மீட்டர் பட்டு, நீலமும் பச்சையும் கல்லரைச்ச நிறம். எனக்கெண்டா மைதான்.

உவர்மலையான்:
நன்றி அக்கா, அண்ணை. ஒரு பார்வையில இருந்து மற்றதுக்கு எப்பிடி மாறுறது, ஒட்டுத் தெரியாதோ?

நிலாவெளி அக்கா:
அதுக்குத்தான் தண்ணியும் பனிமூட்டமும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையை அடியில நிண்டு நிமிந்து பாத்த மாதிரிக் கீறுங்கோ, பிறகு ஒரு சாண் கடலை வெறுமனே விடுங்கோ, அங்கால மூதூர்க் கரையை மட்டமாக் கொண்டுவாங்கோ, பாக்கிறவைக்குப் பார்வை மாறினதே தெரியாது. கார்ட்ரிட்ஜ் பேப்பர் காணும், சீனப் பேப்பர் தொட்ட உடன மையைக் குடிச்சிரும், பிழைச்சா திருத்தேலாது. நீட்டுக்குத் தாள்களைப் பின்பக்கமா ஒட்டிச் சேருங்கோ, பசையை மெல்லிசாப் பூசுங்கோ, இல்லாட்டி சுருட்டேக்க மடிஞ்சு வெடிக்கும்.